வெளிநாட்டு கம்பெனி ஏன் வருகிறது? வரிச் சலுகை மட்டும்தானா?

வில்லியனூரான்: புதுச்சேரியில் வேலை இல்லை என்று புலம்புவதை விட்டு, பழையபடி வரிச் சலுகை கொடுக்கட்டும். எங்கே செலவு குறைவோ அங்கேதான் வெளிநாட்டுக்காரன் ஆலை கட்டுவான்.

மஞ்சக்குப்பம் மலர்: செலவு குறைவு என்றால் அந்த லாபம் உள்ளூர் முதலாளிக்கும்தானே, தம்பி? அவருக்கு மொழி, அதிகாரிகள், சந்தை எல்லாம் அத்துபடி. வெளியிலிருந்து வருபவருக்கு இதெல்லாமே கூடுதல் செலவு. அதையும் மீறி ஜெயிக்க அவரிடம் தொழில்நுட்பமோ பிராண்டோ இருக்க வேண்டும். 1960இல் பொருளாதார அறிஞர் ஸ்டீபன் ஹைமர் தன் ஆய்வேட்டில் சொன்னது இதைத்தான். நல்ல வருமானம் மட்டும் போதுமென்றால் பங்கு வாங்கிப் போட்டுவிட்டு ஊரிலேயே இருக்கலாமே!

வில்லியனூரான்: பிராண்டை உள்ளூர் ஆளுக்கு உரிமம் கொடுத்து ராயல்டி வாங்கலாமே அக்கா. ஆலை எதற்கு?

மஞ்சக்குப்பம் மலர்: உரிமம் கொடுத்தால் தொழில் நுணுக்கமும் கூடவே போகும். தரத்தைக் கண்காணிப்பதும் பாடு. அதனால்தான் கம்பெனிகள் அதைத் தங்கள் கைக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன என்று 1976இல் பொருளாதார அறிஞர்கள் பக்லியும் கேசனும் விளக்கினார்கள். நம்ம புதுச்சேரியில் ஆலை வைத்திருக்கும் அமெரிக்கக் கம்பெனி வேர்ல்பூலையே பாருங்கள். டிவிஎஸ்ஸோடு கூட்டாக வாஷிங் மெஷின் செய்யத் தொடங்கி, 1990களின் நடுவில் பெரும்பான்மைப் பங்கை எடுத்துக்கொண்டது.

பாகூர் வாசகன்: பொருளாதார அறிஞர் ஜான் டன்னிங், கம்பெனியின் சொந்த பலம், அதைக் கைக்குள்ளேயே வைத்துக்கொள்வது என்ற இந்த இரண்டோடு இடத்தின் சாதகத்தையும் சேர்த்தார். மூன்றும் கூடினால்தான் முதலீடு. வில்லியனூரான் மூன்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறார்.

வில்லியனூரான்: இருக்கட்டும். ஆனால் அரசின் கைக்கு எட்டுவது இடம் ஒன்றுதான். கம்பெனியின் பிராண்டை அரசு உண்டாக்க முடியுமா?

மஞ்சக்குப்பம் மலர்: நல்ல கேள்வி. ஆனால் இடம் என்றால் வரி மட்டுமா? ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில், ஃபோர்டு மறைமலை நகரில். இரண்டுக்கும் ஒரே மாநிலம், பக்கத்திலேயே சென்னைத் துறைமுகம். அப்படியும் 2021இல் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, ஹூண்டாய் நிலைத்தது. இங்கே விற்கிற மாதிரி கார் யாரிடம் இருந்தது என்பதுதான் வித்தியாசம். அப்புறம், 2017இல் ஜிஎஸ்டி வந்தபின் ஆலைப் பொருளுக்குத் தனியாக வரி குறைக்கும் அதிகாரம் புதுச்சேரிக்கு ஏது? வருமான வரியும் டெல்லி கையில். சாலை, மின்சாரம், பயிற்சி பெற்ற ஆட்கள் இவற்றைக் கேளுங்கள்.

வில்லியனூரான்: அதையும் கேட்கிறேன். டெல்லியிடம் சலுகையும் கேட்பேன், விடமாட்டேன்.