ஹத்ராவுக்குப் போய்வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நண்பர்களே, ஈராக்கில் மோசுலுக்குத் தென்மேற்கே பாலைவனத்தில் இருக்கும் ஹத்ரா என்ற பழங்கால நகரம் பற்றி ஒரு உதவி வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளியில் படம் காட்டிப் பேசப்போகிறேன். வட்டமான இரட்டை மதில், 160-க்கும் மேற்பட்ட காவல் கோபுரங்கள், ரோமப் பேரரசர் டிராஜன் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை, அப்புறம் வந்த செப்டிமியஸ் செவெரஸாலும் முடியவில்லை, கடைசியில் கி.பி. 240 வாக்கில் பாரசீக அரச வம்சமான சாசானியரிடம்தான் விழுந்தது. ஆனால் எனக்கு மதிலைவிட நடுவில் இருக்கும் கோயில் வளாகம்தான் பெரிசு. சூரியக் கடவுள் ஷமாஷின் கோயில், கிரேக்க பாணித் தூண்கள், முன்பக்கம் திறந்த வளைகூரை மண்டபங்கள், அவற்றின் சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும் கல் முகங்கள்! அந்த முகங்களை 2015-இல் ஐஎஸ் தீவிரவாத அமைப்பின் ஆட்கள் சம்மட்டியால் உடைத்த வீடியோவை என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை.

2022-இல் சில சிற்பங்களைச் சீரமைத்து வைத்தார்கள். வேலை நிமித்தம் மோசுல், எர்பில் பக்கம் இருப்பவர்கள் யாராவது அதற்குப் பிறகு போயிருந்தால், நீங்களே எடுத்த படங்களைத் தர முடியுமா? குறிப்பாகப் பெரிய மண்டபத்தின் முகப்பு, கிட்டத்திலிருந்து எடுத்தது. உள்ளே போக அனுமதி எங்கே வாங்கினீர்கள் என்பதையும் சொல்லுங்கள், நேரிலும் போக ஆசை.