எக்ஸ் கிடைத்துவிட்டது, சரி. எக்ஸ் என்பது எது?

டியூஷன் ஆசிரியை:

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். நேரிய சமன்பாட்டைத் தீர்ப்பது அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அதிலுள்ள எழுத்து எதைக் குறிக்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். போன வாரம் அந்தப் பழைய ஆடு, கோழிக் கணக்கைக் கொடுத்தேன். தலை 20, கால் 56. ஒரு பையன் மளமளவென்று எக்ஸ் + ஒய் = 20, 4எக்ஸ் + 2ஒய் = 56 என்று எழுதி, எக்ஸ் = 8, ஒய் = 12 என்று முடித்துவிட்டான்.

"எக்ஸ் எதுடா?"
"ஆடு, மிஸ்."
"அப்போ 4எக்ஸ்?"
"நாலு ஆடு."

நாலு ஆட்டையும் இரண்டு கோழியையும் கூட்டினால் 56 எப்படி வரும் என்றேன். விடைதான் சரியாக இருக்கிறதே, இந்தம்மா ஏன் இன்னும் நோண்டுகிறார் என்பதுபோல் பார்த்தான். எக்ஸ் என்பது ஆடு இல்லை, ஆடுகளின் எண்ணிக்கை. 4எக்ஸ் என்பது ஆட்டுக்கால்களின் எண்ணிக்கை. விடை சரியாக வந்துவிடுவதால் இந்தக் கோளாறு பரீட்சைத் தாளில் மாட்டுவதே இல்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

கல்லூரி விரிவுரையாளர்:

மேடம், வளர்ந்தவர்களும் இதில் விழுகிறார்கள். அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட் என்ற ஆய்வாளர் 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் பிரபலம். ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைவிட மாணவர்கள் 6 மடங்கு இருக்கிறார்கள், இதைச் சமன்பாடாக எழுது என்பதுதான் கேள்வி. பொறியியல் முதலாண்டு மாணவர்கள் 150 பேரில் 37 சதவீதத்தினர் தப்பாக எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் செய்தது ஒரே தப்பு: தலைகீழாக எழுதியதுதான்.

நம் எழுத்தில் சொன்னால் 6மா = பே. அவர்கள் மனதில் ஒரு பக்கம் ஆறு மாணவர், எதிரே ஒரு பேராசிரியர். படம் சரிதான், அதை அப்படியே சமன்பாடாக்கியதுதான் வினை. 'மா' மாணவர்களின் எண்ணிக்கை என்று வைத்தால் மா = 6பே என்றுதான் வரும். என் வகுப்பில் இதைக் கொடுத்தபோதும் 6மா = பே ஏராளமாக வந்தது. நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பேராசிரியர் 10 பேர் என்று போட்டுப் பாருங்கள் என்றேன். 10 பேராசிரியருக்கு ஒன்றேமுக்கால் மாணவர்கூட வராததைக் கண்டு அவர்களே அடித்துத் திருத்தினார்கள்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர்:

எங்கட பிள்ளையளும் இப்படித்தான். வயதுக் கணக்கில் இன்னும் மோசம். தகப்பனின் வயது மகனின் வயதைப்போல மூன்று மடங்கு, 12 வருடம் கழிய இரு மடங்கு. ஒருத்தி எக்ஸ் = 12 என்றாள், மற்றவள் எக்ஸ் = 24 என்றாள், இரண்டு பேருக்கும் சண்டை. முதலாமவளின் எக்ஸ் மகனின் இன்றைய வயது, மற்றவளின் எக்ஸ் 12 வருடத்துக்குப் பிந்திய வயது. இரண்டும் சரி. ஆனால் ஒருத்தியும் அதை எழுதி வைக்கவில்லை.

ஒரு அப்பா:

எங்கள் வீட்டுக் கதை ஆட்டோவில் வந்தது. 2013-ல் தமிழ்நாடு அரசு சென்னை ஆட்டோக்களுக்கு முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்குமேல் கி.மீ.க்கு 12 ரூபாய் என்று கட்டணம் வைத்தது. (அந்தக் கட்டணத்துக்கு ஆட்டோ வந்ததா என்பது வேறு விவகாரம்.) மகள் அதை வைத்துப் பயிற்சி செய்தாள். ஒய் = 25 + 12(எக்ஸ் − 1.8). சுருக்கினால் ஒய் = 12எக்ஸ் + 3.4. இதுவரை அருமை. 3.4 என்றால் என்ன என்று கேட்டேன். "ஏறி உட்கார்ந்ததும் தர வேண்டிய தொகை" என்றாள். எக்ஸ் இல்லாத எண் என்றால் ஆரம்பத் தொகை என்று மனப்பாடம்.

எந்த ஊரில் 3 ரூபாய் 40 காசுக்கு ஆட்டோவில் ஏறலாம்? அந்தச் சமன்பாடு 1.8 கி.மீ.யிலிருந்துதான் செல்லும், எக்ஸுக்கு 0 போடவே கூடாது. முதல் 1.8 கி.மீ.யையும் 12 ரூபாய் வீதம் கணக்கிட்டால் 21.60 வரும். ஆனால் அந்தக் கட்டணப்படி 25. அந்த அதிகப்படிதான் 3.40. எக்ஸ் மொத்தத் தூரம் என்று வைத்ததால் வந்த எண் அது. 1.8-க்கு மேல் போன தூரத்தை எக்ஸ் என்று வைத்திருந்தால் ஒய் = 25 + 12எக்ஸ், அதில் 25 நிஜமாகவே குறைந்தபட்சக் கட்டணம். 5 கி.மீ.க்கு எப்படிப் போட்டாலும் 63.40 வருகிறதே என்று அவள் இரண்டையும் சரிபார்த்தாள். அதற்கப்புறம் நோட்டில் முதல் வரியாக "எக்ஸ் என்பது ... கி.மீ.யில்" என்று எழுத ஆரம்பித்தாள். நான் சொல்லவே இல்லை.

செய்தி மொழிபெயர்ப்பாளர்:

ஆட்டோ கதையைப் படித்ததும் எங்கள் அலுவலகம் ஞாபகம் வந்தது. புவி வெப்பம் 1.5 டிகிரி செல்சியஸ் உயர்வதைப் பற்றிய செய்தியில், ஒருவர் அதை 34.7 டிகிரி பாரன்ஹீட் உயர்வு என்று மாற்றி வைத்திருந்தார். 1.8-ஆல் பெருக்கி 32 கூட்டு என்பது பள்ளிப் பாடம், கை தானாகப் போட்டுவிட்டது. அந்தச் சமன்பாட்டின் எழுத்து வெப்பநிலையைக் குறிக்கிறது, வெப்பநிலையின் உயர்வை அல்ல. உயர்வு என்றால் இரண்டு அளவுகளைக் கழிக்கிறோம், கழிக்கும்போது இரண்டிலும் உள்ள 32 அடிபட்டுப் போகும். மிச்சம் 2.7 டிகிரிதான். பக்கம் அச்சுக்குப் போகும் முன் பிடித்தோம். மாற்றியவர் கணிதப் பட்டதாரி.