அவுட்லெட் பிஓடி எங்கள் லேபில் 7.5, வெளி லேபில் 21: எங்கிருந்து பார்ப்பது?

நகராட்சி_லேப்

வணக்கம். ஒரு நகராட்சியின் பாதாளச் சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்தில் லேப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 12 எம்எல்டி (ஒரு நாளைக்கு 1.2 கோடி லிட்டர்), எஸ்பிஆர் முறை (ஒரே டேங்கில் காற்றூட்டி, தெளிய வைத்து, வடிப்பது). நான் படித்தது கெமிஸ்ட்ரி, இதற்கு முன்னால் மருந்துக் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டில் (க்யூசி) இருந்தேன். இங்கே இரண்டு அசிஸ்டென்ட்கள். முன்பிருந்தவரிடம் கைப்பழக்கமாகக் கற்றவர்கள், வேலை சுத்தமாக இருக்கிறது, ஆனால் ஒரு விஷயத்தை ஏன் அப்படிச் செய்கிறோம் என்று கேட்டால் "எப்பவும் இப்படித்தான் மேடம்" என்பதோடு நின்றுவிடுகிறது.

பிரச்சினை இதுதான். மாதம் ஒருமுறை வெளி லேப் ஆட்கள் வந்து சாம்பிள் எடுத்துப் போவார்கள். இந்த மாதம் அதே நாளில் நாங்களும் எடுத்து டெஸ்ட் போட்டோம். சிஓடி (கழிவை ரசாயனத்தால் எரிக்கத் தேவைப்படும் ஆக்ஸிஜன்) எங்களுக்கு லிட்டருக்கு 44 மில்லிகிராம், அவர்களுக்கு 48. டிஎஸ்எஸ்ஸும் (தண்ணீரில் கரையாமல் மிதக்கும் துகள்கள்) கிட்டத்தட்ட ஒன்றுதான். பிஓடி (கழிவைக் கிருமிகள் தின்னும்போது செலவாகும் ஆக்ஸிஜன்) மட்டும் எங்களுக்கு 7.5, அவர்களுக்கு 21. ஒப்பந்தத்தில் பிஓடி 10க்குள் இருக்க வேண்டும் என்று இருப்பதால் இது சின்ன வித்தியாசம் இல்லை.

இரண்டு பேரும் போடுவது இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 3025 பகுதி 44 சொல்லும் 27 டிகிரி, 3 நாள் முறைதான். எங்கள் பக்கம் 300 மில்லி பாட்டிலில் 60 மில்லி சாம்பிள், மீதி டைல்யூஷன் வாட்டர். முதல் நாள் டிஓ (கரைந்த ஆக்ஸிஜன்) 7.6, மூன்றாம் நாள் 6.1. பிளாங்க் (சாம்பிள் இல்லாமல் டைல்யூஷன் வாட்டர் மட்டும் வைக்கும் பாட்டில்) 0.2க்கு மேல் இறங்கியதில்லை. சாம்பிள் எடுப்பது குளோரின் டேங்கைத் தாண்டி, தண்ணீர் வெளியே போகும் வாய்க்காலில்.

நிலையத்தை நடத்தும் ஒப்பந்தக்காரர் தரப்பு, வெளி லேப்தான் தப்பு என்று என்னைக் கடிதம் எழுதச் சொல்கிறது. நகராட்சித் தரப்பு, இத்தனை நாள் கொடுத்த ரிப்போர்ட்டை எப்படி நம்புவது என்று கேட்கிறது. எனக்கு இரண்டு பேரில் யாரையும் ஜெயிக்க வைக்க வேண்டாம். அந்தத் தண்ணீரின் உண்மையான பிஓடி எவ்வளவு என்று தெரிந்தால் போதும்.

பழைய_கெமிஸ்ட்

மேடம், இவ்வளவு விவரமாகக் கேட்டதால் பதில் சொல்வது சுலபமாக இருக்கிறது. சிஓடி இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். சாம்பிள் பெரிதாக மாறவில்லை, உங்கள் ஆட்களின் டைட்ரேஷன் கையும் சரியாகத்தான் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். சிஓடி முழுக்க ரசாயனம், டைக்ரோமேட் போட்டு 150 டிகிரியில் 2 மணி நேரம் கொதிக்க வைத்தால் இருப்பதையெல்லாம் எரித்துவிடும். பிஓடியில் தின்பதற்கு உயிர் வேண்டும். ஆக, உங்கள் பாட்டிலுக்குள் உயிர் இருந்ததா என்பதுதான் கேள்வி.

குளோரின் டேங்கைத் தாண்டி எடுக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். சாம்பிளில் மீதிக் குளோரின் பார்த்தீர்களா? இருந்தால் டெஸ்ட்டுக்கு முன்னால் சோடியம் சல்ஃபைட் போட்டு அதைப் போக்க வேண்டும். சாம்பிளில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து, அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்து, ஸ்டார்ச் போட்டு டைட்ரேட் செய்து, எவ்வளவு சல்ஃபைட் செலவாகிறது என்று பார்த்து, அந்தக் கணக்குப்படி டெஸ்ட் சாம்பிளில் சேர்க்க வேண்டும். கண்ணளவில் ஊற்றக் கூடாது, மிஞ்சினால் சல்ஃபைட்டே ஆக்ஸிஜனைத் தின்று நம்பரை ஏற்றிவிடும். சல்ஃபைட் கரைசல் அன்றன்றைக்குப் போட்டதாக இருக்கட்டும், பழையது வலு போய்விடும்.

குளோரினைப் போக்கினால் மட்டும் போதாது, செத்த கிருமி திரும்பி வராது. சீட், அதாவது உயிருள்ள கிருமி, போட வேண்டும். உங்கள் இன்லெட் கழிவுநீரையே தெளிய வைத்து, மேல் தண்ணீரை டைல்யூஷன் வாட்டரில் லிட்டருக்கு 1 முதல் 2 மில்லி வரை சேர்த்துப் பாருங்கள். சீட் மட்டும் தனியாக எவ்வளவு ஆக்ஸிஜன் இறக்குகிறது என்பதற்கும் பாட்டில் வைத்து, கணக்கில் அதைக் கழிக்க வேண்டும்.

இன்னொன்று. 7.6லிருந்து 6.1 என்றால் இறங்கியது 1.5தான். 3 நாளில் குறைந்தது 2 இறங்க வேண்டும், கடைசியில் குறைந்தது 1 மிச்சம் இருக்க வேண்டும் என்பது எல்லோரும் வைத்திருக்கும் விதி. அதன்படி உங்கள் 7.5 ரிப்போர்ட்டில் எழுதத் தகுந்த நம்பரே இல்லை. அவுட்லெட்டுக்கு ஒரே டைல்யூஷனோடு நிற்காமல் 60, 100, 150 மில்லி என்று மூன்று போடுங்கள். எது விதிக்குள் விழுகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஏரேஷன்_டேங்க்

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் அதனால் வெளி லேப் சொன்ன 21தான் உண்மை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சிஓடி 48, பிஓடி 21 என்றால் பிஓடி சிஓடியில் கிட்டத்தட்ட 44 சதவீதம். வீட்டுக் கழிவுநீர் இன்லெட்டில் இந்த விகிதம் சாதாரணம். நன்றாகச் சுத்திகரித்த நீரில் சுலபமாகத் தின்னக்கூடியதெல்லாம் ஏற்கெனவே போயிருக்கும், மிச்சம் கிடக்கும் சிஓடி பெரும்பாலும் கிருமிகளால் சுலபமாகத் தின்ன முடியாத கடினச் சரக்கு, அதனால் விகிதம் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். எனக்கு வரும் சந்தேகம் நைட்ரிஃபிகேஷன். எஸ்பிஆர் தண்ணீரில் அம்மோனியாவைத் தின்னும் கிருமிகள் ஏராளமாக இருக்கும். அவையும் சேர்ந்து பாட்டிலுக்குள் போனால் 3 நாளில் அம்மோனியாவுக்கும் ஆக்ஸிஜன் செலவாகும். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் முழுக்க நைட்ரேட் ஆக சுமார் 4.6 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வேண்டும். அவுட்லெட்டில் அம்மோனியா 2 அல்லது 3 இருந்தாலே பிஓடி எங்கேயோ போய்விடும், கரிமக் கழிவு ஒன்றும் கூடாமலே.

அவர்கள் எந்த இடத்தில் எடுத்தார்கள்? குளோரினுக்கு முன்னாலா, பின்னாலா? இதைத் தெரிந்துகொள்ளாமல் மேற்கொண்டு பேசிப் பயனில்லை.

நகராட்சி_லேப்

இருவருக்கும் நன்றி. இன்றைக்கு விசாரித்துவிட்டேன்.

மீதிக் குளோரின் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் இருக்கிறது. செய்முறைப் பதிவேட்டில் சல்ஃபைட் பற்றியும் சீட் பற்றியும் ஒரு வரி கூட இல்லை. வெளி லேப் ஆட்கள் எஸ்பிஆர் டிகேன்டரிலிருந்து (தெளிந்த மேல் தண்ணீரை வடிக்கும் கருவி) தண்ணீர் விழும் இடத்திலேயே எடுத்திருக்கிறார்கள், அதாவது குளோரினுக்கு முன்னால். அங்கே கைப்பிடிச் சுவர் இருக்கிறது, எடுக்க வசதி என்று ஷிப்ட் ஆபரேட்டர் சொன்னார். அம்மோனியா எங்கள் ரிஜிஸ்டரில் கடைசியாக 3.1.

அப்படியானால் இரண்டு நம்பருமே தனித்தனிக் காரணத்தால் தள்ளிப் போயிருக்கிறதா? இனி என்ன வரிசையில் செய்தால் சந்தேகமில்லாமல் சொல்ல முடியும்? ஆள் இரண்டு பேர்தான், ஞாயிறு விடுமுறை, அடிக்கடி கரண்ட் வேறு போகிறது.

பழைய_கெமிஸ்ட்

ஆமாம், அப்படித்தான் தெரிகிறது. பின்வருமாறு செய்து பாருங்கள். ஒரே வாளியில் டிகேன்ட் தண்ணீர் எடுத்து, நன்றாகக் கலக்கி, உங்கள் பாட்டில், அவர்கள் பாட்டில் இரண்டிலும் மாற்றி மாற்றி ஊற்றுங்கள். இரண்டும் ஐஸ் பெட்டியில் போகட்டும். அதே நேரம் குளோரினுக்குப் பின்னால் இன்னொரு வாளி. உங்கள் லேபில் டிகேன்ட் சாம்பிளை நைட்ரிஃபிகேஷன் தடுப்பான் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று என்று வைக்க வேண்டும், தடுப்பானுக்கு அலைல்தயோயூரியா போதும். குளோரின் சாம்பிளை சல்ஃபைட், சீட் இரண்டும் சேர்த்து. தடுப்பான் போட்டதற்கும் போடாததற்கும் உள்ள வித்தியாசம்தான் அம்மோனியாவின் பங்கு. ஆனால் தடுப்பான் போட்ட நம்பரைச் சாதாரண பிஓடி என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடக் கூடாது, அது கார்பன் பிஓடி, பெயரோடுதான் எழுத வேண்டும். ஒப்பந்தம் எதைக் கேட்கிறது என்பதை நகராட்சியோடு உட்கார்ந்து எழுத்தில் முடிவு செய்யுங்கள்.

ஞாயிறு விஷயம்: 3 நாள் முறையில் வியாழக்கிழமை வைத்தால்தான் ஞாயிறு விழும். திங்கள், செவ்வாய், புதன், வெள்ளி வைத்தால் வேலை நாளிலேயே பார்த்துவிடலாம். வெள்ளி வைத்துத் திங்கள் காலை பார்ப்பது எங்களுக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

கரண்ட் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் இன்குபேட்டர் சூடாக்குவதை விடக் குளிர்விப்பதுதான் அதிக வேலை, 4 மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டால் உள்ளே 27 எங்கே இருக்கும்? டிஸ்ப்ளேயை நம்பாமல், ஒரு பாட்டில் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டு உள்ளே வைத்து, காலை மாலை எழுதச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் லைனில் ஏசிக்கு முன்னால் இன்குபேட்டர் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாம்பிளை அப்படியே பாட்டிலில் ஊற்ற வேண்டாம். 4 டிகிரி தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் ஆக்ஸிஜன் 27 டிகிரியில் தங்காது, குமிழியாகி மூடிக்கு அடியில் நிற்கும். 27க்குக் கொண்டு வந்து, நன்றாகக் குலுக்கி, அப்புறம் நிரப்புங்கள். பாட்டில் வாயில் நிற்கும் தண்ணீர் 3 நாளில் ஆவியாகாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தொப்பி போட வேண்டும்.

எல்லாவற்றையும் விட, குளுக்கோஸ்–குளூட்டாமிக் ஆசிட் செக் மாதம் ஒருமுறையாவது வையுங்கள். ஒவ்வொன்றும் லிட்டருக்கு 150 மில்லிகிராம். 20 டிகிரி, 5 நாள் முறைக்குப் புத்தகம் சொல்வது 198, கூட்டக் குறைக்க 30.5. நீங்கள் 27 டிகிரியில் போடுவதால் உங்கள் சொந்த முடிவுகளை ஒரு வரைபடத்தில் தொடர்ந்து குறித்து வாருங்கள். ஒரு நாள் திடீரென்று இறங்கினால் அன்றைக்கு சீட்டோ டைல்யூஷன் வாட்டரோ கெட்டிருக்கிறது என்று உடனே தெரியும். இது முதலிலிருந்தே இருந்திருந்தால் சீட் இல்லாத குறை அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

ஷிப்ட்_ஆபரேட்டர்

லேப் ஆளில்லை, வேறொரு நிலையத்தில் பிளான்ட் ஓட்டுகிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பிஓடி முக்கியம்தான், ஆனால் இன்றைக்கு எடுத்த தண்ணீரின் பிஓடி எனக்கு 3 நாள் கழித்து வருகிறது, அதற்குள் அந்தத் தண்ணீர் ஆற்றில் கலந்து எங்கேயோ போயிருக்கும். பிளோயரை (டேங்குக்குக் காற்று ஊதும் கருவி) கூட்டவா குறைக்கவா, ஸ்லட்ஜ் (கிருமிச் சேறு) எவ்வளவு வெளியேற்ற என்பதற்கு எனக்குக் காலை 9 மணிக்குள் எஸ்வி30 (ஒரு லிட்டரில் 30 நிமிடத்தில் படியும் ஸ்லட்ஜ்), எம்எல்எஸ்எஸ் (டேங்க் தண்ணீரில் மிதக்கும் ஸ்லட்ஜின் எடை), டேங்கில் டிஓ, அவுட்லெட் அம்மோனியா, இவை நான்கும் வேண்டும். எங்கள் மேடம் இதை லேபுக்கு வெளியே போர்டில் எழுதி வைக்க ஆரம்பித்த பிறகுதான் லேபும் பிளான்ட்டும் பேசிக்கொள்ளத் தொடங்கின. எஸ்வி30 450 மில்லி, எம்எல்எஸ்எஸ் 3000 என்றால் எஸ்விஐ (ஸ்லட்ஜ் படியும் தன்மையின் குறியீடு) 150, இனி ஸ்லட்ஜ் சரியாகப் படியாது, கவனி என்று எனக்கே புரியும்.

உங்கள் அம்மோனியா 3.1 என்பதையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். ஏரேஷன் நேரத்தைக் கொஞ்சம் கூட்டினால் அம்மோனியா இறங்கும், வெளி லேபின் பிஓடியும் தானாக இறங்கும். அது டெஸ்ட் தகராறு மட்டுமில்லை, பிளான்ட்டில் சரிசெய்யக்கூடிய விஷயமும்தான். அம்மோனியா ஆற்றுக்குப் போனால் அங்கேயும் அதே ஆக்ஸிஜனைத்தான் தின்னும், மீனுக்கும் ஆகாது.

நகராட்சி_லேப்

இது மிகவும் உபயோகமாக இருக்கிறது அண்ணா. வெள்ளிக்கிழமை ஒரே வாளி சாம்பிள் எடுக்க வெளி லேபும் சம்மதித்துவிட்டது, நகராட்சிப் பொறியாளரும் கூட நிற்கிறார்.

கடிதம் எழுதச் சொல்லி அழுத்தம் குறையவில்லை. இதுவரை உள்ள பெஞ்ச் ஷீட்களை (டெஸ்ட் போடும்போதே எண்களைக் குறிக்கும் தாள்கள்) புதிதாக எழுதிவிடலாமா என்று கூட ஒருவர் கேட்டார்.

அப்புறம் சிஓடி டெஸ்ட்டில் மிஞ்சும் ரசாயனக் கழிவு. இதுவரை சிங்க்கில்தான் ஊற்றி வந்திருக்கிறார்கள். பிளான்ட்டுக்கே திரும்பிப் போகிறது, பரவாயில்லை என்று சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பழைய_கெமிஸ்ட்

பெஞ்ச் ஷீட்டைத் தொடவே தொடாதீர்கள், தொடவும் விடாதீர்கள். 7.6, 6.1 என்று அன்றைக்கு எழுதியது அப்படியே இருந்ததால்தான் இன்றைக்கு நாம் காரணத்தைக் கண்டுபிடித்தோம். தப்பாக எழுதிய எண் இருந்தால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுங்கள், வெள்ளை மை வேண்டாம். பக்க எண் அச்சிட்டுத் தைத்த ரிஜிஸ்டராக வாங்குங்கள், உதிரித் தாளில் எழுதும் பழக்கத்தை இந்த வாரமே நிறுத்துங்கள். கடிதம் எழுதத்தான் வேண்டுமென்றால் நடந்ததை எழுதுங்கள்: சாம்பிள் இடம் வேறு, குளோரின் நீக்கவில்லை, சீட் இல்லை, கூட்டுச் சாம்பிள் இன்ன தேதியில் எடுக்கப்படுகிறது, முடிவு வந்ததும் பழைய ரிப்போர்ட்கள் பற்றித் தெரிவிக்கிறோம். இதில் யாரையும் குறை சொல்ல ஒரு வார்த்தை கூடத் தேவைப்படாது.

சிஓடி கழிவு விஷயத்தில் உங்கள் மனம் சொல்வதுதான் சரி. அதில் பாதரசம், குரோமியம், வெள்ளி மூன்றும் இருக்கின்றன. பிளான்ட்டுக்குத் திரும்பிப் போனால் கிருமிகள் பாதரசத்தை அழித்துவிடாது, அது ஸ்லட்ஜில் போய் உட்காரும், அந்த ஸ்லட்ஜை உரமாக விவசாயி எடுத்துப் போவார். மூடி இறுகும் அமிலம் தாங்கும் கேனில் சேர்த்து, மேலே என்ன, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டி, கேனை ஒரு தட்டுத் தொட்டிக்குள் வையுங்கள். 2016 அபாயக் கழிவு விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒன்று இருக்கிறது. அளவையும் குறைக்கலாம்: ஓபன் ரிஃப்ளக்ஸை (பெரிய குடுவையில் கொதிக்க வைக்கும் முறை) விட்டுவிட்டு சின்ன மூடிக் குழாய் முறைக்கு மாறினால் ஒரு சாம்பிளுக்கு 2 அல்லது 2.5 மில்லியே போதும், பாதரசமும் அதே விகிதத்தில் குறையும். அடுத்த கொள்முதல் பட்டியலில் டைஜெஸ்டர் பிளாக்கை (அந்தக் குழாய்களைச் சூடாக்கும் கருவி) சேர்த்துவிடுங்கள், சல்ஃபைட்டும் அலைல்தயோயூரியாவும் மட்டும் வெள்ளிக்கு முன்னால் கைக்கு வந்தாக வேண்டும்.