ஹாக்ஸ்ஹெட் பழைய கிராமர் ஸ்கூல் போனவர்கள் இருக்கிறீர்களா?

இங்கிலாந்தில் லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் போனால் ஏரியில் ஒரு படகுச் சவாரி, நாலு போட்டோ, அவ்வளவுதான் நம் ஆட்களுக்கு. நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். ஹாக்ஸ்ஹெட் ஊரில் மழை பிடித்துக்கொண்டது. சர்ச்சுக்குக் கீழே ஒரு பழைய கட்டடம் தெரிய, உள்ளே ஓடினோம். வாசலுக்கு மேலே சூரியக் கடிகாரம். அந்த மழையில் அதைப் பார்த்து என் மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

யார்க் பேராயராக இருந்த எட்வின் சாண்டிஸ் 1585-ல் முதலாம் எலிசபெத் ராணியின் சாசனத்தோடு தொடங்கிய பள்ளி அது. அவருக்கு அந்தப் பக்கம்தான் சொந்த ஊர். கிராமர் என்றதும் ஆங்கில இலக்கணம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். லத்தீன் இலக்கணமாம். அது தெரியாமல் அன்றைக்குக் கேம்பிரிட்ஜ் வாசலை மிதிக்க முடியாது.

கீழே நீளமாக ஒரே வகுப்பறை. அந்த மேசைகளைப் பார்க்க வேண்டும்! கிடைத்த இடத்தில் எல்லாம் பேனாக்கத்தியால் பெயரைச் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். அதில் ஒன்று ஆங்கிலக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த். டாஃபோடில் பூவைக் கண்ணால் பார்க்காமலே அதைப் பற்றிய அவருடைய பாட்டை மனப்பாடம் செய்தவள் நான். அந்தக் கிறுக்கலைப் பார்த்ததும்தான் அவரும் ஒரு பையன் என்று தோன்றியது. பெஞ்சில் காம்பஸால் பெயர் எழுதியதற்கு நான் வாங்கிய அடியும் நினைவுக்கு வந்தது, அது வேறு கதை.

பையன்கள் வகுப்பிலேயே லேசான பீர் குடித்தார்கள், புகையும் பிடித்தார்கள் என்று அங்கே சொன்னார்கள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

* * *

நீங்கள் கொடுத்து வைத்தவர். நான் டிசம்பரில் போய்ப் பூட்டிய கதவைத்தான் பார்த்தேன். குளிர்காலத்தில் திறக்க மாட்டார்கள் என்று முன்பே பார்த்திருக்கலாம், என் தப்பு.

சரி, வந்ததற்கு எஸ்த்வெய்ட் ஏரியையாவது பார்ப்போம் என்று நடந்தேன். பள்ளி தொடங்கும் முன் அந்த ஏரியைச் சுற்றி 5 மைல் நடந்துவிட்டு வருவாராம் வேர்ட்ஸ்வொர்த். நான் கால்வாசிகூட நடக்கவில்லை, விரல் விறைத்துப்போய்த் திரும்பிவிட்டேன்.

1779-ல் அவர் இங்கே சேரும்போது 9 வயது. அம்மா முந்தைய வருடம் இறந்திருந்தார். 1783 முடிவதற்குள் அப்பாவும் போய்விட்டார். கடை வைத்திருந்த ஆன் டைசன் என்ற அம்மாள் வீட்டில்தான் தங்கிப் படித்தார். பள்ளியைவிட அந்த அம்மாள்தான் அவரை வளர்த்தார் என்பது என் எண்ணம். பிள்ளைகள் குறைந்துபோய் 1909-ல் பள்ளியை மூடிவிட்டார்கள். இப்போது மியூசியம்.

* * *

பள்ளியைவிட அந்த அம்மாள் என்று சொன்னதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வாத்தியாரை விட்டுவிட்டீர்களே. தலைமையாசிரியர் வில்லியம் டெய்லர்தான் அவரைப் பாட்டு எழுத வைத்தவர். 1785-ல் பள்ளியின் இருநூறாவது ஆண்டுக்கு 15 வயசுப் பையன் ஒரு கவிதை எழுதினான். கவிஞர் அலெக்சாண்டர் போப்பைப் பார்த்து எழுதிய சுமாரான பாட்டு என்று பின்னால் அவரே சொல்லிக்கொண்டார். கணக்கிலும் நல்ல அடித்தளம். கேம்பிரிட்ஜ் போனபோது யூக்ளிட் வடிவியலில் மற்றவர்களைவிட ஒரு வருடம் முன்னால் இருந்தாராம்.

அடுத்த வருடமே டெய்லர் காலமானார். வயது 32. சாகக் கிடந்தபோது பெரிய பையன்களைக் கூப்பிட்டு விடைபெற்றிருக்கிறார், அவர்களில் வேர்ட்ஸ்வொர்த்தும் ஒருவர். கல்லறை ஹாக்ஸ்ஹெட்டில் இல்லை, கார்ட்மெல் என்ற ஊரில் இருக்கிறது. போன வருடம் அதைத் தேடிக்கொண்டுதான் போனேன். அங்கே அதிகம் ஆள் வருவதில்லை போல, நான் இருந்த அரைமணி நேரமும் தனியாகத்தான் நின்றேன்.

1794-ல் வேர்ட்ஸ்வொர்த்தும் அந்தக் கல்லறைக்கு வந்து நின்றார். டெய்லர் போய் எட்டு வருடம். நின்றுவிட்டு, கடல் வற்றிய மணல்வெளியைக் கடக்க நடந்தார். எதிரே வந்த ஒருவரிடம் என்ன செய்தி என்று கேட்டார். பாரிஸில் பிரெஞ்சுப் புரட்சித் தலைவன் ரோப்ஸ்பியர் செத்துவிட்டான் என்றார் அவர்.