டிவி லைசன்ஸ் கட்டியே ஆகணுமா? வீட்ல பிபிசி யாரும் பாக்குறதே இல்ல

ஈஸ்ட்ஹாம்_புதுசு:
லண்டன் வந்து நாலு மாசம் ஆச்சுங்க. பேர் இல்லாம லீகல் ஆக்குபையர்னு (சட்டப்படி குடியிருக்கிறவர்) போட்டு ஒரு லெட்டர் வந்திருக்கு, இந்த அட்ரஸ்க்கு டிவி லைசன்ஸ் இல்லன்னு. இங்க டிவி பாக்க வருஷா வருஷம் கட்டணுமாம், அந்தக் காசு பிபிசிக்குப் போகுதாம். 2025 ஏப்ரல்ல வருஷத்துக்கு 174.50 பவுண்டா இருந்துச்சாம், ஊர் காசுக்கு கணக்கு போட்டுப் பாத்தேன், பாத்திருக்கவே கூடாது. அம்மா ஊர்ல இருந்து வந்திருக்காங்க, அவங்க போன்ல ஆப் வழியா நம்ம சேனல் சீரியல் பாப்பாங்க, நான் யூட்யூப், நியூஸும் போன்லயே ஓசில படிச்சுடுறேன், அவ்ளோதான். பாக்காத சேனலுக்கு எதுக்கு நான் அழணும்? தூர்தர்ஷனுக்கு நாம என்னைக்காவது காசு கட்டிருக்கோமா?

ஹரோ_அண்ணை:
தம்பி, முதல்ல சட்டத்தைச் சொல்லுறன். பிபிசி பாக்கிறியளோ இல்லையோ அது கணக்கில்லை. எந்தச் சேனலையும் லைவ்வா பாத்தா லைசன்ஸ் வேணும், டிவி எண்டாலும் போன் எண்டாலும் ஒண்டுதான், ஊர்ச் சேனலும் அதுக்குள்ளதான். பிபிசியின்ர ஐபிளேயர் ஆப்பில பாத்தாலும் வேணும். நெட்ஃபிளிக்ஸில படம், யூட்யூப்பில சாதாரண வீடியோ, ரேடியோ, இதுகளுக்குத் தேவையில்லை. அம்மா சீரியலை லைவ்வா பாக்கிறாவோ, பிறகு போடுறதைப் பாக்கிறாவோ எண்டு கேளுங்கோ. லைவ் இல்லையெண்டா தேவையில்லை எண்டு ஆன்லைன்ல எழுதிக் குடுக்கலாம்.

இனி என்ர சொந்தக் கதை. 90கள்ல யாழ்ப்பாணத்தில கரண்டும் இல்லை, பேட்டரி வரவும் தடை. சைக்கிளைக் கவிட்டு வச்சு பெடலைச் சுத்தி டைனமோவில ரேடியோ போட்டு பிபிசியின்ர தமிழ் வானொலி, தமிழோசை கேட்டனாங்கள், நான் சுத்துவன், ஐயா கேப்பார், நான் களைச்சு நிப்பாட்டினா செய்தியும் நிண்டுடும். அந்த நேரம் தமிழோசையை நடத்தின பிபிசி உலக சேவைக்குக் காசு குடுத்தது பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சு, அதாவது இங்கத்தைய சனத்தின்ர வரி. 2014க்குப் பிறகுதான் பெரும்பங்கு லைசன்ஸ் காசுக்கு மாறினது. 2017 ஏப்ரலோட தமிழோசை வானொலி நிண்டு போச்சு, ஆனாலும் ஓசியில கேட்ட கடன் இருக்கெண்டு நினைச்சு நான் கட்டுறனான்.

க்ராய்டன்_காரன்:
அண்ணே உங்க சென்டிமென்ட் ஓகே, ஆனா கோடீஸ்வரனுக்கும் ஆஸ்பத்திரில கூட்டுறவங்களுக்கும் ஒரே ரேட், இது என்ன நியாயம்? கட்டாம லைவ் பாத்து மாட்டினா கிரிமினல் கேஸ், 1000 பவுண்ட் வரைக்கும் ஃபைன், மாட்டுறதுல பெரும்பாலும் பொம்பளைங்க, ஏன்னா கதவத் தட்டுற நேரத்துல அவங்கதான் வீட்ல இருப்பாங்க. ஃபிரான்ஸ்ல 2022லயே எடுத்துட்டாங்க. இங்கயும் பிபிசி எப்படி நடக்கணும்னு சொல்ற அரச சாசனம் 2027 கடைசில முடியுது, அப்ப மாத்தட்டும்.

பழைய_சப்எடிட்டர் (சென்னை):
தூர்தர்ஷனுக்கு காசு கட்டலன்னு யார் சொன்னா? ரேடியோ, டிவி வச்சிருந்தா போஸ்ட் ஆபீஸ்ல போய் லைசன்ஸ் கட்டி புக்குல முத்திரை வாங்கணும், 80கள் நடுவுல வரைக்கும் இருந்துச்சு, உங்க தாத்தா பெட்டில தேடுங்க கிடைக்கும். இப்ப தூர்தர்ஷன நடத்துற பிரசார் பாரதிக்கு அரசு பட்ஜெட்ல இருந்து போகுது, அதுவும் உங்க வரிதான், என்ன, லெட்டர் வர்றதில்ல.

நியூஸ் ஓசின்னு சொன்னீங்களே, அதுக்குத்தான் டைப் பண்ண உக்காந்தேன். நான் 22 வருஷம் பேப்பர் ஆபீஸ்ல இருந்தவன். நீங்க கடைல குடுக்குற காசு பேப்பருக்கும் மைக்குமே பத்தாது, மிச்சத்த விளம்பரம்தான் தூக்கி நிறுத்துச்சு. அதுலயும் பெரிய கம்பெனி விளம்பரத்த விட ரெண்டு மூணு வரில போடுற வரி விளம்பரம்தான் சோறு போட்டுச்சு, மணமகள் தேவை, வீடு வாடகைக்கு, டிரைவர் தேவை. அது மொத்தமா போனுக்குள்ள போயிடுச்சு. 2019 பட்ஜெட்ல இறக்குமதி நியூஸ்பிரிண்டுக்கு, அதான் பேப்பர் அச்சடிக்கிற காகிதத்துக்கு, 10% சுங்கம் போட்டாங்க, அடுத்த வருஷம் 5% ஆக்கினாங்க, அதுக்குள்ள கொரோனா. மொதல்ல கை வச்சது தாலுகா நிருபர்கள் மேல, எங்க ஆபீஸ்லயும்தான். நகராட்சி கூட்டத்துல டெண்டர் யாருக்குப் போச்சுன்னு உக்காந்து கேக்க ஆள் இல்ல, சினிமா நியூஸுக்கு மட்டும் ஏழு பேர்.

ஹரோ_அண்ணை:
அதுக்கு இங்க ஒரு வழி இருக்கு ஐயா. உள்ளூர்ப் பேப்பர்ல லோக்கல் டெமாக்ரஸி ரிப்போர்ட்டர் எண்டு பேருக்குக் கீழ போட்டிருப்பினம். நாடு முழுக்க 165 இடம் ஒதுக்கியிருக்கினம், பேப்பர்காரர் வேலைக்கு வைப்பினம், சம்பளம் பிபிசியின்ர லைசன்ஸ் காசு. கவுன்சில் கூட்டத்தில போய் இருக்கிறதுதான் வேலையே. எங்கட பக்கத்துப் பார்க்கிங் கட்டணம் ஏறப்போகுதெண்டு அப்பிடித்தான் எனக்குத் தெரிய வந்தது.

க்ராய்டன்_காரன்:
அது நல்ல விஷயம்தான், ஒத்துக்கிறேன். ஆனா அதே பிபிசி வெப்சைட்ல உள்ளூர் செய்தி ஓசியா கிடைக்கிறதால எங்க பேப்பருக்கு எவன் காசு குடுப்பான்னு அந்தப் பேப்பர்காரங்களே பல வருஷமா புலம்புறாங்களே, ஒரு கைல குடுத்து இன்னொரு கைல புடுங்குற கதையால்ல இருக்கு?

ஈஸ்ட்ஹாம்_புதுசு:
எல்லாருக்கும் தேங்க்ஸ். அம்மாகிட்ட கேட்டேன், லைவ்வாத்தான் பாக்குறாங்களாம், சரியா அது ஓடுற நேரத்துக்கே. மறுநாள் பாக்கலாமேம்மான்னேன், அதுக்குள்ள சித்தி போன்ல கதைய சொல்லிடுவா, நீ காசக் கட்டுன்னுட்டாங்க. மாசா மாசம் கட்ட முடியுமா?

ஹரோ_அண்ணை:
ஓம், டைரக்ட் டெபிட் போடலாம். ஆனா முதல் லைசன்ஸை ஆறு மாசத்துக்குள்ள கட்டி முடிக்கவேணும், அதால அந்த 174.50 கணக்குக்கு முதல்ல மாசம் 29 பவுண்ட் மாதிரி போகும், பயப்பிடாதேங்கோ, பிறகு பாதியாகும். வீட்டை எல்லாரும் ஒரே அக்ரிமெண்ட்ல எடுத்திருந்தா ஒண்டே போதும், அறைக்கு அறை தனி அக்ரிமெண்ட் எண்டா உங்கட அறைக்குத் தனி லைசன்ஸ் வேணுமோ எண்டு பாருங்கோ.