புதுப்பிப்பு: மஸ்கெலியா மொட்டைமாடியும் சிவனொளிபாத மலை விளக்குகளும்

போன மாதம் கேட்டிருந்தேன், ஞாபகமா? மாடியிலிருந்து இரவில் சிவனொளிபாத மலை யாத்திரைப் பாதையின் விளக்கு வரிசையைப் படமெடுத்தால் எல்லாம் கோடுகோடாக இழுபடுகிறது என்று. கேமராவில் பிழை என்றே நினைத்தேன். பிழை என் கால்களில்!

முக்காலியை தகரக் கூரை ஓரமாக வைத்து, பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். நான் எடை மாற்றினாலே தகரம் அசையும். 15 செக்கன் எக்ஸ்போஷரில், அதாவது கேமரா அவ்வளவு நேரம் ஒளியை வாங்கும்போது, அது போதுமே. இப்போது தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்து கொங்கிரீட்டுக்கு மாறிவிட்டேன். பொத்தானை அழுத்திய அசைவு அடங்க 2 செக்கன் டைமர், லென்ஸின் அதிர்வுக் குறைப்பு அணைப்பில், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400. ஃபோகஸை கையால், திரையில் ஒரு விளக்கைப் பெரிதாக்கிப் பார்த்து வைத்தேன். போன மாதம் எனக்குப் பதில் சொன்ன அண்ணன் சொன்னது சரிதான், ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் தடுமாறுகிறது.

அடுத்த தலைவலி பனி. வீட்டுச் சூட்டில் இருந்த லென்ஸை வெளியே திறந்தால் பரவாயில்லை. குளிரில் கிடந்ததை உள்ளே கொண்டுவந்தால்தான் ஆவி படிகிறது. பையை மூடியபடியே அரை மணி வைத்துவிடுகிறேன். விடியற்காலையில் முன்கண்ணாடியிலும் ஈரம் இறங்கும், துணி கையிலேயே இருக்கட்டும்.

நேற்று மூன்றரை மணிக்கு மேகம் விலகியது. 2243 மீட்டர் உச்சிவரை விளக்குகள் ஒன்றொன்றாகத் தெரிந்தன. பௌத்தர்களின் வெசாக் பண்டிகையோடு யாத்திரைக் காலம் முடியும், விளக்கும் போய்விடும், மழையும் வந்துவிடும். அதற்குள் இன்னும் நாலு இரவாவது மாடி ஏறவேண்டும். அம்மாதான், "விழுந்து தொலையாதடா" என்று கீழேயிருந்து கத்துகிறார்.