இளைஞர் திட்டத்துக்கு அறக்கட்டளை நிதி: விளைவும் பட்ஜெட்டும் எழுதுவது எப்படி?

தளிர்:
14 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கான மாலை நேரப் பயிற்சிக்கு ஓர் அறக்கட்டளையிடம் நிதி கேட்கிறோம். 40 பேர், வாரம் 2 வகுப்பு, 30 வாரம். "விளைவை எப்படி அளப்பீர்கள்?" என்ற பகுதியில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. "நிர்வாகச் செலவு 10 சதவீதத்துக்குள்" என்ற நிபந்தனையும் குழப்புகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

களப்பணி:
"60 வகுப்பு நடத்தினோம், 40 பேர் வந்தார்கள்" என்பது நீங்கள் செய்த வேலை. பிள்ளைகளிடம் என்ன மாறியது என்பதுதான் விளைவு. இரண்டையும் கலக்காதீர்கள். விளைவு இரண்டு போதும். ஏழெட்டு எழுதினால் எதையுமே ஒழுங்காக அளக்க முடியாது.

முதல் வகுப்புக்கு முன்பே ஒரு கேள்வித்தாள் கொடுங்கள், கடைசியில் அதே தாள். பெயர் வேண்டாம், ஆளுக்கு ஓர் எண். பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். தொடக்கத்தில் 40 பேரின் சராசரியை எடுத்து, முடிவில் மிஞ்சிய 27 பேரின் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். பாதியில் நிற்பவர்கள் பெரும்பாலும் குறைந்த மதிப்பெண் போட்டவர்களாக இருந்தால், ஒருவர்கூட மாறாமலே சராசரி ஏறிவிடும். ஆகவே அந்த 27 பேரின் முதல் தாளையும் கடைசித் தாளையும் எண்ணை வைத்து ஜோடி சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மீதி 13 பேர் ஏன் நின்றார்கள் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். அடுத்த ஆண்டுத் திட்டத்தைத் திருத்த அதைவிட நல்ல தகவல் கிடைக்காது.

பேரேடு:
பட்ஜெட்டைத் தொகையில் தொடங்காதீர்கள், மணிக்கணக்கில் தொடங்குங்கள். 2 மணி நேர வகுப்புக்குத் தயாரிப்பு, வருகைப்பதிவு எல்லாம் சேர்த்து 3 மணி பிடிக்கும். 60 வகுப்பு, 2 பயிற்றுநர் என்றால் 360 மணி. அதை ஊதியத்தால் பெருக்குங்கள். அறிக்கை எழுதும் நேரத்தையும் சேருங்கள், அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

அந்த 10 சதவீதம் எதன்மேல் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நேரடிச் செலவு (வகுப்புக்கென்றே ஆகும் செலவு) 90 என்றால், நேரடிச் செலவின்மேல் 9 கிடைக்கும். மொத்தத்தின்மேல் என்றால் 10 (90-உம் 10-உம் சேர்ந்து 100, அதில் 10 சதவீதம்). வகுப்பு நடக்கும் இடத்தின் வாடகையைப் பொதுவாக நேரடிச் செலவில் காட்டலாம், அலுவலக வாடகைதான் நிர்வாகம். பட்ஜெட்டில் ஒரு தலைப்பில் மிஞ்சியதை இன்னொன்றுக்கு மாற்றுவதானால் முன் அனுமதி கேளுங்கள். செலவழித்த பிறகு கேட்டால் தணிக்கையில் அந்தச் செலவை ஏற்காமல் போகலாம்.

தளிர்:
ரொம்ப நன்றி. இரண்டாம் தவணை இடைக்கால அறிக்கைக்குப் பிறகுதானாம். அதுவரை சம்பளம்?

பேரேடு:
அறிக்கையைப் பரிசீலித்துப் பணம் வர வாரக்கணக்கில் ஆகும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, முதல் தவணையில் அந்த இடைவெளிக்கான சம்பளமும் அடங்குமாறு கேளுங்கள்.

களப்பணி:
இன்னொன்று: 30 வாரத்தைக் காலண்டரில் குறிக்கும்போது தேர்வு வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் வேண்டும், புகைப்படத்துக்குத் தனிப் படிவம்.